எக்காள டீச்சரின் ஏழு வருஷத்து மிளகாய்வத்தல்

உலக முடிவுக்கு எங்கள் எக்காள டீச்சரைப் போல முன்னேற்பாடாக இருந்த ஆள் இந்தப் பூமியிலேயே கிடையாது. கல்யாண வீட்டுக்காரர்கள்கூட முகூர்த்தத்தை இவ்வளவு ஆசையோடு எதிர்பார்த்து நான் பார்த்ததில்லை. கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளைச் சேலை தயார், கைப்பை தயார், வீட்டுக்கு மாற்றுச் சாவி தயார். உலகம்தான் தயாராகாமல் இழுத்தடித்துக்கொண்டிருந்தது.

அப்போது நான் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் வடிவமைக்கும் வேலையில் இருந்தேன். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து மயிலுக்குப் பக்கத்தில் ராக்கெட்டை நிறுத்துவதுதான் தொழில். ஊருக்கு வெளியே டீச்சருடைய காம்பவுண்டில் ஒரு வீட்டில் குடியிருந்தேன். டீச்சர் ரிட்டையரான கணக்கு டீச்சர், தனி ஆள். என்னைத் தவிர காம்பவுண்டில் எல்லோரும் பட்டாசுக் கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள். பக்கத்து வீட்டு முத்துமாரியும் அவள் புருஷன் பாண்டியும் தாயில்பட்டிப் பக்கம் ஒரு கம்பெனிக்குக் காலை வேனில் போய்ச் சாயங்காலம் திரும்புவார்கள்.

டீச்சருடைய நம்பிக்கை இதுதான். ஒரு நாள் வானத்தில் எக்காளம் ஊதும். அந்தக் கணமே விசுவாசிகள் எல்லோரும் நின்றது நின்றபடி மேலே எடுத்துக்கொள்ளப்படுவார்கள். அதற்கு ஆண்டவருடைய இரகசிய வருகை என்று பெயர். விடப்பட்டவர்களுக்கு ஏழு வருஷம் உபத்திரவ காலம், அந்திக்கிறிஸ்து என்ற கொடியவனின் ஆட்சி. நம்பிக்கையில் ஒரு குறையும் இல்லை. வானத்திலிருந்து சத்தம் வரும் என்று காத்திருக்க அவர் தேர்ந்தெடுத்த ஊர்தான் வம்பு. இங்கே கோயில் பொங்கலுக்கு வெடி, பூப்பு நீராட்டுக்கு வெடி, கவுன்சிலர் புது பைக் வாங்கினாலும் வெடி. ஒவ்வொரு சத்தத்துக்கும் டீச்சர் கைப்பையோடு வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்ப்பார். புகை தெரிந்ததும் உள்ளே போய்விடுவார்.

"மேல போகையில கைப்பை எதுக்கு டீச்சர்?" என்று முத்துமாரி ஒரு தடவை கேட்டாள்.

"கண்ணாடி உள்ள இருக்குல்ல. ஆண்டவரத் தெளிவாப் பாக்க வேண்டாமா?"

"எக்காளம் எப்புடிக் கேக்கும்? நாதஸ்வரம் மாதிரியா, நம்ம லட்சுமி வெடி மாதிரியா?"

"கேக்கும்போது தெரியும். உனக்குக் கேக்காது."

"ஏன், என் காது நல்லாத்தான இருக்கு?" என்று முத்துமாரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

சிவகாசியில் காலண்டருக்குப் பஞ்சமே கிடையாது. அச்சகத்தில் எனக்குக் கிடைக்கிற தினசரிக் காலண்டரில் ஒன்றை வருஷா வருஷம் டீச்சரிடம் நீட்டுவேன். அதை ஏதோ கெட்ட வார்த்தை எழுதின தாள்போலப் பார்ப்பார். "எனக்கெதுக்கு தம்பி அடுத்த வருஷக் காலண்டர்? நான் இருக்க மாட்டேன். முத்துமாரிக்குக் குடு." கொடுத்துவிடுவேன். ஜனவரி பிறந்ததும் தினமும் காலையில் டீச்சர் முத்துமாரி வீட்டு வாசலில் நின்று, "இன்னிக்கு என்ன தேதிட்டி?" என்று கேட்பார். இப்படியே பல வருஷம் ஓடியது.

வருகைக்குத் தேதி குறிப்பவர்களை அவருக்குக் கட்டோடு ஆகாது. யூடியூபில் யாராவது நிலா சிவந்துவிட்டது, இந்தப் புரட்டாசியோடு சரி என்று பேசினால் போனை அணைத்துவிடுவார். "தேதி ஒருத்தருக்கும் தெரியாது தம்பி. வரிசைதான் தெரியும். மொதல்ல வருகை, பெறகு உபத்திரவம். கூட்டலுக்கு முன்னால பெருக்கல் போடுற மாதிரி. மாத்திப் போட்டா விடை தப்பு."

இந்த வரிசைக்காக அவர் சபை சபையாக மாறியவர். கடைசியாகப் போய்க்கொண்டிருந்த சபையில் பாஸ்டர் நல்ல மனுஷர், குரலும் கணீரென்று இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர், சபை உபத்திரவத்தின் பாதி வழியில்தான் எடுத்துக்கொள்ளப்படும் என்று பிரசங்கம் செய்துவிட்டார். முன்வரிசையில் டீச்சர் எழுந்தார். "பாஸ்டர், உக்காருங்க. கணக்குத் தப்பு" என்றார். பழக்க தோஷம். பாஸ்டரும் சின்ன வயதில் அவரிடம் படித்தவர், அவரும் பழக்க தோஷத்தில் உட்கார்ந்துவிட்டார். அன்றோடு டீச்சர் அந்தச் சபைக்குப் போவதை நிறுத்தினார். பாஸ்டர் மட்டும் விடாமல் அவ்வப்போது வீட்டுக்கு வந்து ஜெபித்துவிட்டுப் போவார்.

இனி அந்த அறைக்கு வருகிறேன். டீச்சர் வீட்டுப் பின்பக்கம் ஓர் அறை நிறைய நீல நிற டிரம்கள். துவரம்பருப்பு, புளி, உப்பு, டின் டின்னாகக் கடலை எண்ணெய், எல்லாவற்றுக்கும் மேலாக மிளகாய்வத்தல். அத்தனையும் விருதுநகர் மொத்தக் கடையில் அவரே போய்ப் பொறுக்கி எடுத்த சரக்கு. ஏழு வருஷத்துக்குக் காணும். எல்லாம் அவருக்கு என்று நினைத்தால் தப்பு. அவர்தான் முதல் எக்காளத்திலேயே போய்விடுவாரே. எல்லாம் விடப்படப்போகிற எங்களுக்கு.

"அந்திக்கிறிஸ்து ஆட்சியில நெத்தியில முத்திரை இல்லாம ஒண்ணும் வாங்கவும் முடியாது, விக்கவும் முடியாது" என்று காம்பவுண்டையே கூட்டி வைத்து விளக்கினார். "நீங்க யாரும் முத்திரை வாங்கக் கூடாது. அப்ப என்னத்தத் திம்பீக? அதுக்குத்தான் இது."

"நாங்க ஒருத்தர்கூட மேல போக மாட்டோமா டீச்சர்?" என்றான் பாண்டி, கொஞ்சம் வருத்தமாக.

"நீ எப்புடிலே போவ? நேத்துகூட குடிக்கலன்னு என் மூஞ்சிக்கு நேரா பொய் சொன்னியே."

பாண்டி கையால் வாயைப் பொத்திக்கொண்டு ஓர் அடி பின்னால் நகர்ந்தான்.

டிரம்களுக்கு லேபிள் நான்தான் அடித்துக் கொடுத்தேன். 'உபத்திரவ காலத் துவரம்பருப்பு' என்று கொட்டை எழுத்தில், நாலு கலரில். டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தார். "ஓரத்துல எதுக்கு தம்பி புஸ்வாணம்?"

"பாக்க மங்களமா இருக்கட்டும்னு."

"உபத்திரவ காலத்துல என்ன மங்களம்?" என்றார். ஆனாலும் ஒட்டினார்.

வருஷா வருஷம் புது மிளகாய் சந்தைக்கு வந்ததும் டிரம்மில் இருக்கிற பழையதை எடுத்துவிட்டுப் புதியதை நிரப்புவார். எடுத்த பழைய மிளகாயையும் வண்டு விழுந்த பருப்பையும் மொட்டைமாடியில் காயவைத்து அவரே சமைத்துச் சாப்பிட்டுத் தீர்ப்பார். நல்ல பருப்பை அவர் தின்று நான் பார்த்ததே இல்லை. அதே சமயம், குழம்பு கொதிக்கும்போது முத்துமாரி நாலு வத்தல் கேட்டால் டிரம்மைத் தொட மாட்டார். தெருமுனைக் கடைக்குப் போய் வாங்கிவந்து கொடுப்பார். "அது உபத்திரவத்துக்குன்னு நேந்து வச்சது" என்பார்.

மாற்றுச் சாவி முத்துமாரியிடம் இருந்தது. பாதிச் சமையலில் எக்காளம் ஊதிவிட்டால் அடுப்பை அணைக்க ஆள் வேண்டுமே. ஒரு ஞாயிற்றுக்கிழமை டீச்சர் வீட்டுக் குக்கர் விசில் அடித்தது. மறுபடியும் அடித்தது. நிறுத்தவே இல்லை. முத்துமாரி சாவியோடு ஓட, பின்னால் நாங்கள் எல்லோரும் ஓடினோம். வாசலில் செருப்பு கிடக்கிறது. விரித்த வேதப்புத்தகத்தின் மேல் கண்ணாடி கிடக்கிறது. ஆளைக் காணோம்.

முத்துமாரி அடுப்பை அணைத்தாள். அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து, "ஐயோ, டீச்சரு போயிட்டாகளே! கண்ணாடியக்கூட எடுக்காமப் போயிட்டாகளே!" என்று மாரில் அடித்துக்கொண்டு அழுதாள்.

சரியாக அந்த நேரத்தில்தான் பாஸ்டர் ஜெபிக்க வந்தார். "என்ன ஆச்சு?" என்றார்.

"டீச்சர மேல எடுத்துக்கிட்டாக சாமி!"

பாஸ்டர் செருப்பைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார், குனிந்து தன் உடம்பையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். சொன்ன பிரசங்கமும் தப்பு, தன்னையும் விட்டுவிட்டார்கள். ஒரே நேரத்தில் இரண்டு செய்தி வந்தால் மனுஷர் என்ன செய்வார்? சட்டையெல்லாம் வேர்வையில் நனைந்துவிட்டது.

அப்போது பின்பக்கத்திலிருந்து பெரிய தும்மல் ஒன்று கேட்டது. டிரம் அறையின் வெளித் தாழ்ப்பாள் காற்றில் விழுந்து டீச்சர் உள்ளே மாட்டிக்கொண்டிருந்தார். மிளகாய் நெடியில் குரல் போய்விட்டது, தும்மல்தான் மிச்சம். திறந்துவிட்டோம். "ஸ்தோத்திரம்!" என்று பாஸ்டர் போட்ட சத்தத்தை அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. டீச்சர் மூக்கைத் துடைத்துக்கொண்டே, "நீங்க ஏன் பாஸ்டர் இப்புடி வேத்துப் போயி இருக்கீக?" என்று கேட்டார். அந்த வாரமே முத்துமாரி இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள், டீச்சரோட எக்காளம் இப்போதைக்கு ஊதக் கூடாது என்று.

அந்தத் தீபாவளி முடிந்த கையோடு ஏதோ விதிமுறைச் சிக்கல் என்று சொல்லி எங்கள் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனிகளை வரிசையாகப் பூட்டினார்கள். நாளைக்குத் திறக்கும், அடுத்த வாரம் திறக்கும் என்று சொல்லிச் சொல்லியே மாதங்கள் போயின. காலை வேன் வரவில்லை. காம்பவுண்டில் பேச்சுக் குறைந்தது. ரேஷன் அரிசி எல்லா வீட்டிலும் இருந்தது, சோற்றில் ஊற்றத்தான் ஒன்றும் இல்லை. டீச்சர் ஒரு நாள் சட்டி நிறையக் குழம்பு வைத்துக் கொடுத்தார். முத்துமாரி வாங்கிக்கொண்டாள். மறுநாள் கொடுத்தபோது, "இருக்கட்டும் டீச்சர், தெனமும் ஓசியில வாங்கித் தின்னா தொண்டையில எறங்காது" என்று சொல்லிவிட்டாள். திருப்பூருக்குப் போய்ப் பிழைத்துக்கொள்ளலாம் என்று பாண்டி முடிவு செய்தான். மூட்டை கட்ட ஆரம்பித்தார்கள்.

கிளம்ப இருந்த வாரத்தில் முத்துமாரி டீச்சர் வாசலில் வந்து நின்றாள். கேலியாகத்தான் ஆரம்பித்தாள். "டீச்சர், உபத்திரவம் ஆரம்பிச்சிருச்சுன்னு நெனைக்கேன். அந்த ரூம்புல இருக்கறது எங்களுக்குன்னு நீங்கதான சொன்னீக? தொறந்து விடுங்களேன். எங்க பங்குன்னா வாங்கிக்கிருவேன்."

"இன்னும் ஆரம்பிக்கலட்டி" என்றார் டீச்சர். "ஆரம்பிச்சிருந்தா நான் இங்கன இருப்பனா?"

அதுதான் சிக்கல். டிரம்மைத் திறந்தால் உபத்திரவம் வந்துவிட்டது என்று அர்த்தம். வந்துவிட்டது என்றால் வருகை முடிந்துவிட்டது, டீச்சரை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள் என்று அர்த்தம். வாழ்நாள் முழுக்கக் கைப்பையோடு நின்ற மனுஷி அதை எப்படி ஒத்துக்கொள்வார்? முத்துமாரி திரும்பிப் போனாள். டீச்சர் கதவைச் சாத்திக்கொண்டார். அந்த இரண்டு மூன்று நாளும் குக்கர் சத்தமே கேட்கவில்லை. எனக்குப் பயமாக இருந்தது.

பிறகு என் வீட்டுக்கு வந்தார். கண்கள் உள்ளே போயிருந்தன. "தம்பி, நம்ம பாஸ்டர் பேசுன பேச்சு உன் போன்ல கெடைக்குமா? அந்தப் பாதி வழிப் பேச்சு."

தேடிப் போட்டுக் கொடுத்தேன். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, வாயைக் கோணிக்கொண்டு, கடைசி வரைக்கும் கேட்டார். "கூறுகெட்ட பய" என்று நடுவில் ஒரு தடவை சொன்னதோடு சரி.

மறுநாள் காலையில் முற்றத்தில் டீச்சர் குரல், வகுப்பறைக் குரல். "எல்லாரும் பாத்திரம் எடுத்துக்கிட்டு வாங்க!" டிரம் அறை விரியத் திறந்து கிடந்தது. "என் கணக்குல ஒரு பிசகு" என்றார், யார் முகத்தையும் பார்க்காமல். "சபை உபத்திரவத்துக்கு முன்னால போகாது. பாதி வழியிலதான் போகுமாம். அதனால உபத்திரவம் ஆரம்பிச்சாச்சு, நானும் இங்கனதான் இருக்கேன். ரெண்டும் சரி. முத்துமாரி, உன் பங்க மொதல்ல அள்ளு. மூட்டையப் பிரி."

முத்துமாரி அள்ளினாள். கண்ணில் தண்ணீர் வந்ததற்கு மிளகாய் நெடியைக் காரணம் சொன்னாள். எனக்கும் அதே காரணம்தான்.

செய்தி தெரிந்து பாஸ்டர் வாயெல்லாம் பல்லாக வந்தார். "டீச்சர் என் உபதேசத்துக்கே வந்துட்டீகளே!" டீச்சர் தலையைக் குனிந்துகொண்டு, "ஆமா பாஸ்டர், நீங்க சொன்னதுதான் சரி" என்றார். எந்தப் பாஸ்டரிடமும் அவர் அப்படிச் சொன்னதில்லை. அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று எனக்குத் தெரியும். காம்பவுண்டில் யாரும் திருப்பூர் போகவில்லை.

கம்பெனிகள் திறந்து காலை வேன் மறுபடி வந்த மறுநாளே டீச்சர் என்னைக் கூப்பிட்டார். "மறுபடி ஒரு தடவ போட்டுப் பாத்தேன் தம்பி. வருகை முன்னாலதான். அந்த ஆளு கழிக்கிறதுல தப்பு விட்டிருக்காரு. வா, விருதுநகர் போயி வத்தல் எடுத்துட்டு வந்துருவோம்."

இப்போது நான் மதுரையில் இருக்கிறேன். போன மாதம் டீச்சர் போன் செய்தார். "தம்பி, அடுத்த வருஷக் காலண்டர் ஒண்ணு அனுப்பு. எனக்கில்ல, முத்துமாரிக்கு. எழுத்து மட்டும் நல்லாப் பெருசா இருக்கட்டும்."

முத்துமாரிக்குக் கண் அம்புட்டுத் துல்லியம். சரவெடித் திரியை இருட்டில்கூடப் பின்னுவாள். இருப்பதிலேயே பெரிய எழுத்துக் காலண்டராகப் பார்த்து அனுப்பினேன். அதை டீச்சர் கடைசித் தாள் வரைக்கும் கிழிக்க வேண்டும் என்பதுதான் என் வேண்டுதல். இது மட்டும் அவர் காதுக்குப் போய்விடக் கூடாது.