துப்பாக்கிக்குத் திருஷ்டி கழித்த சித்தர்

தி.நகரில் ஒரு நகைக்கடையின் மேல்மாடியில் அர்ஜுன சித்தர் எழுந்தருளியிருந்தார். அவர் மந்திரித்த சிவப்புக் கயிற்றைக் கட்டிக்கொண்டால் குண்டு தானாகவே நடுப்புள்ளியில் போய் உட்காருமாம்! வரிசை மாடிப்படி இறங்கி ஜூஸ் கடை வரை நின்றது. துப்பாக்கி சுடுகிறவர்கள் மட்டுமா? ஊசி போடக் கை நடுங்கும் டாக்டர்கூட நின்றார். படிப்பு யாரைத் தடுத்தது?

மயிலாப்பூர் மதுவந்தியும் நின்றாள். ஞாயிற்றுக்கிழமை மாநில அணித் தேர்வு. காற்றழுத்தத்தில் சுடும் ஏர் பிஸ்டலில் பதக்கம் வாங்கியவள்தான். நிஜத் தோட்டாவுக்கு மாறியதிலிருந்து குண்டெல்லாம் இடப்பக்கம் கீழே போயிற்று. அணியில் ஒரே இடம்தான். போட்டியோ உயிர்த்தோழி வஜீஹா.

சித்தர் கண்ணை மூடினார். "பக்கத்தில் நின்று சுடுகிறவளின் கண் பட்டிருக்கிறது. அவளோடு பேச்சை நிறுத்து."

அப்பா ராஜகோபாலன் பரவசப்பட்டார். "நான் அன்னிக்கே சொன்னேனோல்லியோ!" அவர் என்றைக்கும் எதுவும் சொன்னதில்லை.

மதுவந்தி பேச்சை நிறுத்தினாள். மனசு வலித்தது. கயிறு மணிக்கட்டை இறுக்கியது. குண்டு மட்டும் பழைய வழியே போயிற்று. 'சுடுதளத்துக்கே திருஷ்டி' என்று கண்டுபிடித்த சித்தர், தேர்வுக்கு முந்தின நாள் பூசணிக்காயோடு துப்பாக்கி கிளப்புக்கே வந்துவிட்டார். பின்னால் பக்தர் கூட்டம்.

வஜீஹா நேரே வந்தாள். "இன்னா மது, நான் கண்ணு வெச்சேனாமே? கயிறு கட்டிக்கினுதானே கீற? நான் லோடு பண்ணித் தரேன், சுடு. எல்லாரும் துப்பாக்கி முனையைப் பாருங்க."

முதல் குண்டு வெடித்தது, வழக்கம்போலக் கீழே. இரண்டாவது, 'டிக்'. வெடிக்கவில்லை. ஆனால் துப்பாக்கி முனை சடக்கென்று குனிந்தது. மதுவந்தியே பார்த்தாள்.

"அது மருந்தில்லாத டம்மி தோட்டா, மச்சி. வெடிக்காததுக்கே குனியுது பாரு. சத்தமும் துப்பாக்கியோட உதையும் வரப்போவுதுன்னு பயந்து உன் கை முந்திக்கினு அழுத்துது. ஏர் பிஸ்டல்ல அது ரெண்டும் இல்ல."

சித்தர் பொங்கினார். "கயிறு கட்டினவளுக்கு நம்பிக்கை குறைவு! என் கையில் அர்ஜுனனே நிற்கிறான்!"

"அப்ப நீங்க சுடுங்க சாமி." வஜீஹா கொடுத்த துப்பாக்கியில் இருந்தது அத்தனையும் டம்மி.

சித்தர் விசையை இழுத்தார். 'டிக்.' கண் இரண்டும் இறுக மூடியிருந்தன, தோள் காதைத் தொட்டது, துப்பாக்கி தரையைப் பார்த்தது. அர்ஜுனன் அவசர வேலையாக வெளியே போயிருந்தான் போலும். கூட்டம் சிரித்த சிரிப்பில் சித்தர் பூசணிக்காயைக்கூட எடுக்காமல் நடையைக் கட்டினார்.

மதுவந்தி கயிற்றை அறுத்தாள். சாயங்காலம் வரை வஜீஹா தோட்டாக்களுக்கு நடுவே டம்மி கலந்து கொடுத்தாள். எது வெடிக்கும் என்று தெரியாமல், விசையை மெதுவாக, அவசரமில்லாமல் அழுத்திப் பழகினாள் மதுவந்தி. முனை குனிவது நின்றது.

"உன் இடம் போயிடுமேடி. ஏன் சொல்லிக் குடுத்தே?"

"நீ ஒழுங்கா சுட்டுத் தோக்கணும். இல்லாட்டி நான் கண்ணு வெச்சு ஜெயிச்சேன்னு உங்கப்பா சொல்லிக்கினு திரிவாரு."

ஞாயிற்றுக்கிழமை மதுவந்தியின் குண்டுகள் நடுவில் கூடின. வஜீஹாவின் குண்டுகள் இன்னும் நெருக்கமாகக் கூடின. "கண்ணு பட்டுடுத்து" என்று ஆரம்பித்தார் ராஜகோபாலன்.

"அவ என்னைவிட நன்னா சுட்டாப்பா. அவ்ளோதான்."

தி.நகர் வரிசை இன்னும் ஜூஸ் கடை வரை நிற்கிறது. சித்தராவது துப்பாக்கிக்குப் பயந்து கண்ணை மூடினார். வரிசையில் நிற்கும் ஐயா, நீங்கள் எதற்கு மூடிக்கொண்டீர்கள்?