மேனேஜர் கேட்ட அரிசியும் பருப்பும்

1964-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் கோயம்புத்தூரில் அரிசிக்குத் தட்டுப்பாடு இருந்தது. கடை வாசலில் விடியும் முன்பே வரிசை நின்றது. ஒன்பது மணிக்குத் திறந்த கடை பத்து மணிக்கு மூடிக்கொண்டது.

அந்த வரிசையில் நிற்பதை ராமாமணி இரண்டு மாதங்களுக்கு முன்பே பாதியாகக் குறைத்துவிட்டாள். பக்கத்து வீட்டுச் சாமியாத்தாளிடம் கேட்டுச் சோளம் சமைக்கக் கற்றுக்கொண்டிருந்தாள். தண்ணீர் தெளித்து உரலில் குத்தி, உமி புடைத்து, உடைத்து, ஊறவைத்து, அரிசியோடு சரிபாதி கலந்து வடித்தால் ஒரு வேளை அரிசி இரண்டு வேளைக்கு வந்தது. பசியும் சீக்கிரம் எடுக்கவில்லை.

கணவர் வரதராஜுலுவிடம் மட்டும் இதைச் சொல்லவில்லை. அவர் மன்னார்குடிக்காரர். சோளம் குருவிகளுக்காக விளைவது என்று நினைப்பவர்.

"என்ன அரிசி இது? கொட்டை கொட்டையாக இருக்கே?"

"இந்த ஊர் அரிசி இப்படித்தானாம்" என்றாள் ராமாமணி.

ஊரைப் பற்றிய எந்தக் குறையையும் நம்ப அவர் தயாராக இருந்தார். ஒரு பஞ்சாலை அலுவலகத்தில் தற்காலிகக் குமாஸ்தாவாகச் சேர்ந்து பதினோரு மாதம் ஆகியிருந்தது. வேலை நிரந்தரமாகாவிட்டால் மன்னார்குடிக்கே திரும்ப வேண்டும். அங்கே அவருக்கென்று எந்த வேலையும் காத்திருக்கவில்லை.

வியாழக்கிழமை மாலை வியர்த்து விறுவிறுத்து வந்தார்.

"ஞாயித்துக்கிழமை மதியம் மேனேஜர் நம்ம வீட்டுக்குச் சாப்பிட வரார்."

"எதுக்கு?"

"அதைத்தான் ஆபீசே கேட்டுக்கிட்டிருக்கு. ரெண்டு மாசமா ஒவ்வொரு குமாஸ்தா வீடாப் போய்ச் சாப்பிடறார். யாரை நிரந்தரமாக்கறதுன்னு பார்க்கிறார்னு ஆபீஸ் தபால் பார்க்கிற தம்பிதுரை சொல்றான்."

"என்ன சமைக்கணும்?"

வரதராஜுலு குரலைத் தாழ்த்தினார். "அங்கேதான் விஷயம். 'ஒண்ணும் தடபுடல் வேண்டாமுங்க, அரிசியும் பருப்பும் இருந்தாப் போதுமுங்க'ன்னார்."

ராமாமணி சற்று யோசித்தாள். "சோறும் குழம்பும்னு சொல்லியிருப்பார்."

"காதில் விழுந்ததைச் சொல்றேன். அரிசியும் பருப்பும். சமைச்சதைக் கேட்கிறவன் அரிசின்னு கேட்பானா?"

மன்னார்குடியில் யாரும் அப்படிக் கேட்கமாட்டார்கள் என்பது ராமாமணிக்கும் தெரியும். ஆனாலும் மனம் ஒப்பவில்லை. மேனேஜர் பாலுசாமிக் கவுண்டர் ஆலைக் காகிதத்தில் சொந்தக் கடிதம்கூட எழுதமாட்டார் என்று வரதராஜுலுவே சொல்லியிருக்கிறார்.

"நாளைக்கு இன்னொரு தரம் கேட்டுப் பாருங்க."

கேட்டார். வெள்ளிக்கிழமை திரும்பி வந்தபோது முகம் இன்னும் வெளுத்திருந்தது.

"'சார், அரிசியும் பருப்புமா?'ன்னு கேட்டேன். 'ஆமாங்க, எங்கூட்டுல வாரத்துல நாலு நாளு அதேதானுங்க'ன்னார். வாரத்துக்கு நாலு நாள், ராமு! நாலு பேர் அவருக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறாங்க!"

"அவ்வளவுதான் சொன்னாரா?"

"'நெய் இருந்தா நல்லது, இல்லாட்டியும் பரவால்லீங்க'ன்னார்."

அதற்குமேல் சந்தேகப்பட இடமில்லை. வீட்டில் மூன்று படி அரிசி இருந்தது. மூன்று படியைக் கொடுத்தால் பிச்சை போட்ட மாதிரி இருக்கும், ஐந்து படியாவது வேண்டும் என்றார் வரதராஜுலு. சாமியாத்தாளின் அண்ணன் தொண்டாமுத்தூரிலிருந்து நெல் கொண்டுவந்திருந்தான். ராமாமணி தன் பித்தளை அடுக்கைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனாள்.

"ஏனம்மணி, இத்தனை அரிசி எதுக்கு? விருந்தாளிங்களா?"

"ஆமாங்க" என்றாள் ராமாமணி. லஞ்சம் என்று எப்படிச் சொல்வது?

அடுக்கை அங்கே விட்டுவிட்டு இரண்டு படி அரிசியோடு வந்தாள். ஐந்து படி அரிசி, இருந்த துவரம்பருப்பு முழுவதும், ஒரு கிண்ணம் நெய். எல்லாவற்றையும் மஞ்சள் பையில் வைத்துக் கட்டியபோது வரதராஜுலு இரண்டு நாளில் முதல் தடவையாக நிம்மதியாக மூச்சு விட்டார்.

"சரி. அவருக்கு என்ன சமைக்கப்போறே?"

ராமாமணி அடுப்படியைத் திரும்பிப் பார்த்தாள். சோளம் இருந்தது. கொள்ளு இருந்தது. கொல்லையில் முருங்கை நின்றது.

"நான் பார்த்துக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டரைக்குப் பாலுசாமி வந்தார். சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருந்தார். இலையில் சோளச் சோறு விழுந்தது. அரிசி ஒன்றுகூடக் கலக்காத வெறும் சோளம். மேலே கொள்ளுப் பருப்பு, பக்கத்தில் முருங்கைக்கீரை, அப்புறம் கொள்ளு ரசம்.

வரதராஜுலு இலையைப் பார்த்தார். இத்தனை நாள் தின்றது என்ன என்பது அந்தக் கணத்தில் அவருக்குத் தெரிந்தது.

பாலுசாமி ஒரு கவளம் சாப்பிட்டார். நிறுத்தினார். இன்னொரு கவளம்.

"இது யாரு பக்குவமுங்க?"

"நான்தாங்க" என்றாள் ராமாமணி. "அரிசி... இந்த வாரம் கொஞ்சம்..."

"எத்தனை நேரம் ஊறப் போட்டீங்க?"

"மூணு மணி நேரங்க."

"ஒரு படிச் சோளத்துல எத்தனை பேரு சாப்பிடலாமுங்க?"

"ஆறு பேர். கொள்ளு இருந்தா ஏழு."

"ம்." இரண்டாம் தடவை சோறு வாங்கிக்கொண்டார். கணக்குப் பரிசோதகர் பேரேட்டைப் பார்ப்பதுபோல இலையைப் பார்த்தபடி சாப்பிட்டு முடித்தார்.

கை கழுவி வந்தவரின் முன்னால் வரதராஜுலு மஞ்சள் பையை வைத்தார்.

"இதென்னங்க?"

"நீங்க கேட்டது சார். அரிசியும் பருப்பும். நெய்யும் இருக்கு."

பாலுசாமி குனிந்து பையைத் திறந்து பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் இறுகியிருந்தது.

"அரிசி மூட்டை கேட்டனுங்களா நானு? உங்ககிட்டயா?"

மோர் கொண்டுவந்த சாமியாத்தாள் கொல்லைக் கதவருகே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அட அம்மணி! அரிசியும் பருப்பும்னா அது ஒரு சோறுங்க! ரெண்டையும் ஒரே சட்டியில போட்டு, வெங்காயம் தாளிச்சு ஆக்கறது. நேரமில்லாத அன்னைக்கு நாங்க எல்லாம் அதேதான் ஆக்குவோம். எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா என்னங்க?"

யாரும் சிரிக்கவில்லை. பாலுசாமி செருப்பை மாட்டினார். ராமாமணியைப் பார்த்து, "வாரேனுங்க" என்றார். வரதராஜுலுவைப் பார்க்கவில்லை.

வரதராஜுலு சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். "மேனேஜருக்குக் குருவித் தீனி போட்டோம். லஞ்சமும் கொடுத்தோம். இன்னும் என்ன பாக்கி?"

"அரிசி பாக்கி இருக்கு" என்றாள் ராமாமணி.

அன்று மாலை சாமியாத்தாள் சொல்லச் சொல்ல அவள் அரிசியும் பருப்பும் ஆக்கினாள். ஒரே சட்டி, ஐந்தாறு சுள்ளியில் முடிந்தது. குழம்பு வேண்டியிருக்கவில்லை, பொரியல் வேண்டியிருக்கவில்லை. பையிலிருந்த நெய்யில் ஒரு கரண்டி மேலே ஊற்றினாள். துக்கத்தில் இருந்த வரதராஜுலு மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். இந்த ஊர்க்காரர்கள் ஒரு வார்த்தையில் ஒரு சாப்பாட்டையே அடக்கி வைத்திருக்கிறார்கள், அது தெரியாததால் தன் பிழைப்புப் போகிறது என்று அவருக்குத் தோன்றியது. ராமாமணி வேறொன்றை நினைத்தாள். ஒரு வருஷமாக அடுத்த வீட்டு வாசனையை முகர்ந்துகொண்டிருந்தும் அதற்கு என்ன பேர் என்று தான் கேட்கவே இல்லை.

திங்களும் செவ்வாயும் மேனேஜர் வரதராஜுலுவைக் கூப்பிடவில்லை. தம்பிதுரை அனுதாபத்தோடு தோளைத் தொட்டான். புதன்கிழமை வரதராஜுலு காய்ச்சல் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டிலேயே போர்த்திப் படுத்தார்.

பதினொரு மணிக்கு அலுவலகப் பியூன் அங்கப்பன் சைக்கிளில் வந்து இறங்கினான். கையில் ஆலை முத்திரை குத்திய பழுப்பு உறை.

வரதராஜுலு எழுந்து உட்கார்ந்து கையை நீட்டினார். "கொடப்பா. தெரிஞ்சதுதானே."

"உங்களுக்கில்லீங்க. அம்மணிக்குங்க."

ராமாமணி உறையைப் பிரித்துப் படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். டிசம்பர் முதல் தேதியிலிருந்து ஆலை கேன்டீன் சமையலை மேற்பார்க்க அவளை நியமித்திருந்தார்கள். அரிசி இல்லாமல் நானூறு பேருக்குச் சாப்பாடு. சம்பளம் எண்பத்தைந்து ரூபாய். கீழே பாலுசாமியின் கையெழுத்து.

"அப்ப என் வேலை?" என்றார் வரதராஜுலு.

அங்கப்பன் சைக்கிளைத் திருப்பினான்.

"உங்களுது போன மாசமே நிரந்தரமாயிப்போச்சுங்களே, தம்பிதுரை காயிதத்தைக் குடுக்கலீங்களா? மேனேஜரு ரெண்டு மாசமா ஊடு ஊடாப் போயிச் சாப்பிட்டது கேன்டீனுக்கு ஆளு தேடிங்க. அத்தனை ஊட்டுலயும் அரிசிச் சோறே போட்டுத் தொலைச்சாங்க."