துள்ளுமூலியில் ஒரு கறுப்புப் புள்ளி

துள்ளுமூலிப் பொடி வந்த நாளிலிருந்து அந்தத் தெருவில் யாரும் நடப்பதே இல்லை. எல்லாரும் ஓட்டம்தான்! மூட்டுவலிக்காரர்கள் ஊன்றுகோலை வீசிவிட்டு இரண்டிரண்டு படியாகத் தாவினார்கள். கால் கடுக்க வரிசையில் நின்று, கால்வலிக்கு மருந்து வாங்கினார்கள். பொடி கொடுத்த பச்சிலைச்சாமியின் மகிமையே மகிமை!

மருந்து ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த பெண்ணுக்கு மட்டும் சந்தேகம் தட்டியது. அவள் பெரியப்பா, ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், இரண்டு மாதமாக அந்தப் பொடியைத் தின்கிறார். முழங்கால் துள்ளியது; முகமோ பூசணிக்காயாய் உப்பியது.

"சாமி குடுத்த களைம்மா இது!" என்று கன்னத்தைத் தட்டிக்கொண்டார்.

"களை இல்ல பெரியப்பா, வீக்கம். சர்க்கரையும் முந்நூறைத் தாண்டிடுச்சு. இது இலை செய்யுற வேலையாத் தெரியல. ஸ்டீராய்டு மாத்திரை செய்யுற வேலை."

"சாமியையா சந்தேகப்படுற?"

"பொடியை."

மறுநாள் காலை ஒரு தகடு, ஒரு ஜாடி, ஒரு புற ஊதா விளக்கோடு கூட்டத்தின் நடுவே போய் நின்றாள்.

"உங்க மகிமையை இதுல காட்டட்டுமா சாமி?"

அறிவியலே காலில் விழ வந்துவிட்டதென்று சாமிக்குத் தலைகால் புரியவில்லை. "காட்டு மகளே, காட்டு!"

தகட்டின் அடியில் மூன்று பொட்டு வைத்தாள். ஒன்று, சாமியின் தொட்டியிலிருந்து பெரியப்பாவே பறித்த துள்ளுமூலி இலையின் சாறு. அடுத்தது, சாமியின் பொடி. மூன்றாவது, மருந்துக்கடை ஸ்டீராய்டு மாத்திரை. ஜாடியிலிருந்த திரவத்தில் தகட்டை நிறுத்தினாள். திரவம் மெல்ல மேலே ஊறியது; கலந்து கிடந்த பொருள்கள் பிரிந்து, அதனதன் உயரத்தில் நின்றன.

விளக்கைப் போட்டாள். பச்சையாய் ஒளிர்ந்த தகட்டில், மாத்திரைக்கு நேரே ஒரு கறுப்புப் புள்ளி. பொடிக்கு நேரேயும், அதே உயரத்தில், அதே புள்ளி! இலைக்கு நேரே அந்த இடம் காலி.

"அது என் மந்திரம் பதிஞ்ச தடம்!" என்றார் சாமி.

"மந்திரமும் மாத்திரையும் பேசி வச்சுக்கிட்டா ஒரே உயரம் ஏறுது?"

பெரியப்பா விறுவிறுவென்று போய்ப் பின்னறைக் கதவைத் திறந்தார். மிக்ஸிக்குப் பக்கத்தில் மூட்டை மூட்டையாய்க் காலி மாத்திரை அட்டைகள்! சாமி எடுத்தார் ஓட்டம், துள்ளுமூலி தின்னாமலேயே. வாசலில் நின்ற வரிசைதான் வழிவிடவில்லை. போலீஸ் வரும்வரை அப்படியே பிடித்து வைத்தது.

பெரியப்பா தலை குனிந்தார். "இனி இதைத் தொடமாட்டேன்ம்மா."

"சட்டுனு நிறுத்தினாலும் ஆபத்து. வாங்க, டாக்டர்கிட்ட போவோம். தின்ன எல்லாரும் வாங்க!"

ஒருவர் மட்டும் நகரவில்லை. ஊதா விளக்கின் முன்னால் கன்னத்தில் போட்டுக்கொண்டு உருகினார்: "விளக்குத்தாயே, என் இடுப்பு வலியையும் நீதான் பாத்துக்கணும்!"

அவள் விளக்கைப் பட்டென்று அணைத்தாள்.

"கும்பிடக் கையைத் தூக்குறதுக்கு முன்னாடி, கேள்வி கேக்க வாயைத் திறங்கய்யா!"