தீக்கு முன் இறக்கிய முடி

பரளச்சி,
14.2.1973

மதுரையில் வக்கீலாக இருக்கும் அன்பு அண்ணனுக்குத் தங்கை முத்துமாரி பணிந்து எழுதுவது. இங்கே மழை ஒன்றைத் தவிர எல்லோரும் சுகம். அண்ணியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க மாரியம்மனை வேண்டுகிறேன்.

தகவல் வந்த அன்றே எழுதச் சொன்னீர்கள். இரண்டு நாள் தாமதம். மகள் பேச்சிக்குக் கடைவாய்ப் பல் முளைக்கிறது, பேனாவைக் கண்டாலே பிடுங்கிக் கடிக்கிறாள். ஃபைலை முடித்துவிட்டார்கள் அண்ணே! உங்கள் மாப்பிள்ளை பேரில் மேல் நடவடிக்கை இல்லை என்று இன்ஸ்பெக்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். பத்து மாதம் கழித்து நேற்றுத்தான் நான் வயிறாரச் சாப்பிட்டேன்.

எல்லாம் ஒரு பேச்சால் வந்த வினை. ஊர் விவசாயி மொக்கையனிடம் இவுக, "மகளை ஸ்கூலுக்கு அனுப்பாட்டி என்ன நடக்குதுன்னு பாரு" என்றது ஒரு வாத்தியார் பேச்சு. நாலாம் நாள், அவன் களத்தில் அடுக்கிவைத்திருந்த சோளத்தட்டைப் படப்பு எரிந்ததும் அதுவே மிரட்டலாகிவிட்டது. இவுகளை வாரம் ஒருதரம் ஸ்டேஷனில் உட்காரவைத்து டீ கொடுத்து அனுப்பினார்களே தவிர, கேஸ் உண்டா இல்லையா என்று ஒருத்தரும் சொல்லவில்லை. குற்றப்பத்திரிகை வந்தால் அன்றே வேலை போகும் என்று நான் அழ, நீங்கள்தான், "வந்த பிறகு அழுது என்ன செய்ய? வாரதுக்கு முன்னாலேயே நம்ம சாட்சியைக் கொண்டுபோய்க் கொடுக்கணும். மாப்பிள்ளை வாயைத் திறக்கக் கூடாது. எது கேட்டாலும் வக்கீலைக் கேளுங்கன்னு சொல்லட்டும்" என்று எழுதினீர்கள். இவுக அதை வேதமாக எடுத்துக்கொண்டு, பஸ்ஸில் கண்டக்டர் எங்கே போகணும் என்று கேட்டதற்கும் "எங்க வக்கீல் மச்சானைக் கேளுங்க" என்று சொல்லிக் காரியாபட்டியில் இறக்கிவிடப்பட்டது தனிக் கதை.

நான் மட்டும் என்ன! தீப்பிடித்த அன்று இருக்கன்குடி கோயிலில் பேச்சிக்கு முதல் மொட்டை, கூடவே இவுகளுக்கும். "அந்த மொட்டைதான் நம்ம சாட்சி, பத்திரமாக் காப்பாத்து" என்று நீங்கள் எழுத, நான் பி.ஏ. படித்தவள், பதினைந்து நாளைக்கு ஒருதரம் இவுக தலையை வழிக்கச் சொல்லி ஒன்பது மாதம் காப்பாற்றினேன். நீங்கள் நேரில் வந்து தலையில் அடித்துக்கொண்டு, "கோயில்ல முடி இறக்குன சீட்டு எங்கத்தா?" என்ற பிறகுதான் தேடினேன். பாதியைப் பேச்சி தின்றிருந்தாள், நல்லவேளை தேதி உள்ள பாதி மிச்சம். அதை நீங்கள் மனுவோடு கொடுத்ததும் இன்ஸ்பெக்டர், மொக்கையனின் சாட்சி இருளப்பசாமியைக் கூப்பிட்டாராம்.

"நல்லாப் பார்த்தியா?"

"பார்த்தேனுங்க. வாத்தியாரு முடியைக் கோதிக்கிட்டே ஓடுனாரு."

"மொட்டைத் தலையில எதைய்யா கோதுனாரு?"

அதோடு முடிந்தது. இனிக் கவலை இல்லை என்று இன்ஸ்பெக்டர் வாயால் சொன்ன அன்றே, வீட்டு ஆண்கள் எல்லோருக்கும், தாய்மாமனான உங்களுக்கும் சேர்த்து, மொட்டை நேர்ந்துகொண்டேன். ஞாயிற்றுக்கிழமை நம்ம ஊர் மாரியம்மன் கோயிலுக்கு வந்து மறுக்காமல் தலையைக் கொடுத்தீர்களே, அந்தக் கடனை எப்படி அடைப்பேன்? நீங்கள் சாயங்கால பஸ்ஸுக்கு ஓடிய கொஞ்ச நேரத்தில் மொக்கையனின் புதுப் படப்பும் எரிந்தது. இந்தத் தடவை எனக்குப் பதற்றமே இல்லை. இவுக மொட்டை விருந்துப் பந்தியில் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்ததை ஊரே பார்த்தது.

உங்கள் கைராசி நூறு குடும்பத்தைக் காக்கட்டும். அண்ணிக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம்.

தங்கை,
முத்துமாரி

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது ஸ்டேஷன் ஏட்டையா வந்துவிட்டார். படப்பு மறைவிலிருந்து மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு மொட்டை, கையில் தோல்பையோடு பஸ்ஸைப் பார்த்து ஓடியதாம். இருளப்பசாமிதான் இதற்கும் சாட்சி. அண்ணிக்குத் தெரியாமல் நீங்கள் சிகரெட் பிடிப்பதைப் பற்றி நான் மூச்சுவிடவில்லை. கோயில் சீட்டு சட்டைப்பையில் இருந்தால் பேச்சியிடம் கொடுத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். "அது யாரு வாத்தியாரே?" என்று ஏட்டையா கேட்டார். இவுக உங்கள் உத்தரவை இன்றைக்கும் மீறவில்லை, "எங்க வக்கீல் மச்சானைக் கேளுங்க" என்று மட்டும்தான் சொன்னார்கள். ஏட்டையா உங்கள் விலாசத்தை வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்.