ஒத்தக்கடையில் நிற்காத பேய்

வெள்ளிக்கிழமை வந்தால் மதுரையை ஒட்டிய ஒத்தக்கடையில் ஒரு பேய்க்கு டூட்டி. சாயங்காலம் ஆனதும் டாணென்று ஆஜராகிவிடும். எந்த ஆபீஸிலும் அவ்வளவு ஒழுங்கான ஊழியரைப் பார்க்க முடியாது.

அந்தப் பேயைப் பார்க்க மேலூரிலிருந்தும் திருமங்கலத்திலிருந்தும் டி. கல்லுப்பட்டியிலிருந்தும் வேன் பிடித்து வந்தார்கள். கல் நட்டு, கொடி கட்டி, போர்டு வைத்தும் போணியாகாத மனைகள், பேய் வந்தபிறகு மளமளவென்று விற்றன. பேய் இருக்கிற இடத்தில் மனுஷன் வீடு கட்டப் பயப்படுவான் என்று நினைக்கிறீர்களா? உங்களுக்கு நம் ஜனங்களைத் தெரியவில்லை. இது இரண்டாயிரத்து இரண்டாம் வருஷம். கைக்குக் கை செல்போன் வரத் தொடங்கியிருக்கிற நேரம். "மாப்ள, பேய் எறங்கிருச்சு, வெரசா வா!" என்று செல்போனில் தகவல் பறக்கும். விஞ்ஞானம் நம்மிடம் வந்து பட்ட பாடு அது.

பேயை ஆட்டி வைத்தவர் கருத்தக்கண்ண சித்தர். முந்தின வருஷம் வரைக்கும் அவர் 'கருத்தக்கண்ணன் மைக்செட்'. கல்யாணம், காதுகுத்து, எலெக்ஷன் எதுவானாலும் குழாய் ஸ்பீக்கரைக் கட்டி ஊர்க் காதைக் கிழித்தவர். தொழில் படுத்துப்போனதும் துறவறம் பூண்டார். அவர் துறந்தது சட்டையை மட்டும்தான். ஆம்ப்ளிஃபயரை விடவில்லை. தலையில் காதோடு சேர்த்து இறுக்கிக் கட்டிய காவித் தலைப்பாகை, கையில் உடுக்கை, உடுக்கைக்கு முன்னால் ஒரு மைக். தயார்.

பேய் யாரைப் பிடித்திருந்தது என்று சொல்லவில்லையே. மதுரை முனிச்சாலை ஸ்ரீலட்சுமியை. வயது பத்தொன்பது. அப்பா கிரிதரன் இன்சூரன்ஸ் ஆபீஸ் கிளார்க், எம்.காம். அம்மா ஹம்சவேணி. வீட்டில் பேச்சு சௌராஷ்டிரம்.

ஸ்ரீலட்சுமி யார் முகத்தையும் நேராகப் பார்க்க மாட்டாள். தானாகப் பேசுவது குறைவு. ஆனால் காதில் விழுந்ததை விழுந்தபடியே, விழுந்த குரலிலேயே திருப்பிச் சொல்வாள். சந்தோஷம் வந்தால் உட்கார்ந்த இடத்திலேயே முன்னும் பின்னும் ஆடுவாள். அவளுக்குப் பெரிய சந்தோஷம் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்ட். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கிரிதரன் அங்கே கூட்டிப்போவார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, உள்ளங்கையால் காதைப் பொத்திக்கொண்டு, வேண்டும்போது திறந்து, வேண்டாதபோது மூடி, பஸ் பார்ப்பாள், கண்டக்டர்கள் கூவுவதைக் கேட்பாள். போதும் என்றால் எழுந்துவிடுவாள். யாருக்கும் ஒரு தொந்தரவு இல்லை.

தொந்தரவு ஒரு சொந்தக்காரர் கல்யாணத்தில் ஆரம்பித்தது. காதோரம் தவில், காலடியில் சரவெடி. பெண் அலறிக்கொண்டு தலையைச் சுவரில் மோதினாள். பிறகு, பயத்தில் பிடித்துக்கொள்ள ஒன்று வேண்டுமே, தனக்குப் பழகியதைப் பிடித்துக்கொண்டாள். கட்டைக் குரலில் கத்தினாள்: "மேலூர் மேலூர் மேலூரே! பாயிண்ட் டு பாயிண்ட்! ஒத்தக்கடை நிக்காது! ஒத்தக்கடை எறங்கு எறங்கு!"

சௌராஷ்டிரம் பேசுகிற வீட்டுப் பெண்ணுக்கு மேலூர்த் தமிழ் எப்படி வந்தது? அதுவும் ஆம்பளைக் குரலில்? மதுரையில் பிறந்து மதுரையிலேயே வளர்ந்த பெண்ணுக்கு மதுரைத் தமிழ் எங்கிருந்து வந்தது என்று, மதுரையில் பிறந்து மதுரையிலேயே வளர்ந்த அத்தனை பேரும் வாய் பிளந்தார்கள். வாராவாரம் பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போன அப்பாவும் சேர்ந்து பிளந்தார். எம்.காம்.

சித்தரிடம் கொண்டுபோனார்கள். அவர் கண்ணை மூடினார், திறந்தார், தீர்ப்பைச் சொல்லிவிட்டார்.

"கண்டக்டர்! ஒத்தக்கடையில லாரி அடிச்சுச் செத்த கண்டக்டர்! பஸ் நிக்காத எடத்துல எறங்குனவன், இந்தப் புள்ள மேல ஏறிட்டான். பேய் பொய் பேசாது. அது எந்தக் குரல்ல பேசுதோ, அந்தக் குரலுக்காரன்தேன் செத்துப்போன ஆளு. இது சாஸ்திரம்!"

எந்த சாஸ்திரம் என்று யாரும் கேட்கவில்லை. எந்த கண்டக்டர், எப்போது செத்தார் என்றும் கேட்கவில்லை. கேட்டால் சாமி கோபித்துக்கொள்ளுமாம்.

வைத்தியம் இதுதான். சித்தரின் கொட்டகையில், குழாய் ஸ்பீக்கருக்கு நேர் கீழே அந்தப் பெண்ணை உட்கார வைப்பார்கள். சிஷ்யன் சின்னச்சாமி அவள் கையைப் பிடித்துக்கொள்வான், காதைப் பொத்தவிடாமல். மிளகாய்ப் புகை போடுவார்கள். சித்தர் மைக்கில் உடுக்கை அடிப்பார். அவள் துடிப்பாள், அலறுவாள், கடைசியில் "மேலூர் மேலூர்" என்பாள். "பேய் என் உடுக்கைக்கு நடுங்குது பாருங்க!" என்பார் சித்தர். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும், கையிலும் காதிலும் இருப்பதைக் கழற்றிக் காணிக்கைத் தட்டில் போடும். கூண்டில் அடைத்த பிள்ளையைக் கம்பியால் குத்திவிட்டு, கத்துகிறது பார் என்று கும்பிடுவது போலத்தான் இது. எழுதும்போதே எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

வாரங்கள் போகப் போக, பேய் போகவில்லை, ஸ்ரீலட்சுமிதான் போய்க்கொண்டிருந்தாள். குக்கர் விசிலோடு சேர்ந்து விசிலடித்தவள், இப்போது குக்கரை அடுப்பில் வைத்தாலே கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டாள். படுக்கையை நனைத்தாள். பேச்சு சுத்தமாக நின்றுபோனது. "பேய் வாயைக் கட்டிருச்சு" என்றார் சித்தர். "வார அமாவாசை வெள்ளியில கொண்டாந்து விட்டுருங்க. ஒரு மண்டலம் எங்கிட்டயே இருக்கட்டும். கால்ல விலங்கு போட்டாத்தேன் இது அடங்கும்."

கொட்டகைக்குப் பின்னால் இரும்புக் கம்பம் நட்டாகிவிட்டது. சங்கிலியும் வந்துவிட்டது. கிரிதரன் தலையாட்டிவிட்டு வந்தார்.

ஹம்சவேணியால் தாங்க முடியவில்லை. மிஷன் பள்ளிக்கூடத்தில் தன்னோடு ஒரே பெஞ்சில் படித்த ஆன்மேரியிடம் ஓடினாள். ஆன்மேரி மனநல ஆலோசகர். இப்படிப்பட்ட பிள்ளைகளோடும் பெரியவர்களோடும் வேலை செய்கிறவர்.

ஆன்மேரி வீட்டுக்கு வந்தார். கட்டிலுக்கு அடியில் இருந்தவளை இழுக்கவில்லை, கூப்பிடவில்லை. கொஞ்சம் தள்ளித் தரையில் உட்கார்ந்தார். "நான் இங்கயே இருக்கேம்மா. நீ வெளிய வர வேணாம். பேசவும் வேணாம்" என்றார். அவ்வளவுதான். ஹம்சவேணி காபி போட்டுக் கொண்டுவந்து, அது ஆறி, மறுபடி போட்டுக் கொண்டுவந்தும் அப்படியே உட்கார்ந்திருந்தார். கட்டிலுக்கு அடியிலிருந்து மெல்ல ஒரு குரல் வந்தது.

"திருப்பத்தூர் வழி காரைக்குடி."

"ஏறலாமா? எடம் இருக்கா?" என்றார் ஆன்மேரி.

"இருக்கு. ஏறு."

ஹம்சவேணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மகள் குரலைக் கேட்டு அவ்வளவு நாளாகியிருந்தது.

கிரிதரனிடம் ஆன்மேரி உடைத்துச் சொன்னார். "அண்ணே, இதுக்குப் பேரு ஆட்டிசம். பேயும் இல்ல, வெரட்டுறதுக்கு வியாதியும் இல்ல. அவ பொறந்ததே அப்படித்தான். சத்தம் அவளுக்கு அடி மாதிரி வலிக்கும். பஸ் ஸ்டாண்டுல அவளா காதைத் திறக்குறா, அவளா மூடுறா. அந்தக் கொட்டகையில கையைப் பிடிச்சுக்கிட்டுச் சத்தத்தால அடிக்கிறாய்ங்க."

"அப்ப குணமாகாதா?"

"அவகிட்டக் குணமாக்க ஒண்ணும் இல்ல. அங்க கொண்டுபோய்ப் பண்ணுனது இருக்கு பாருங்க, அந்தப் பயம், அதைத்தான் ஆத்தணும். அதுக்கு மொதல்ல நீங்க அங்க போறத நிறுத்தணும்."

கிரிதரன் விடவில்லை. "எல்லாம் சரிதாம்மா. ஆனா அந்த ஆம்பளக் குரலு?"

எம்.காம் படித்தவரை ஒரே நாளில் திருத்திவிட முடியுமா? அமாவாசை அன்று, ஹம்சவேணி கடைக்குப் போன நேரம் பார்த்து, மகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். ஹம்சவேணி அலறிப் புடைத்து ஆன்மேரிக்கு போன் பண்ண, இருவரும் ஒத்தக்கடை போய்ச் சேர்ந்தபோது கொட்டகை நிரம்பி வழிந்தது. தட்டி மறைவில், சித்தரும் சின்னச்சாமியும் ஒப்பனை முடிக்கும்வரை உட்காரவைத்திருந்த ஸ்ரீலட்சுமியை அப்போதுதான் ஸ்பீக்கருக்குக் கீழே கொண்டுவந்தார்கள். உடுக்கை உயர்ந்தது.

"சாமி, ஒரு சந்தேகம்!" கழுத்தில் சிலுவை தெரிய ஆன்மேரி முன்னால் வந்து நின்றார். "பேய ஓட்டுறது ஒங்க மந்திரமா, இந்த ஸ்பீக்கரா?"

"யாருடி அது? மந்திரந்தேன்! என் மந்திரத்துக்கு மலையே நகரும்!"

"மலை கெடக்கட்டும். இன்னைக்கு மந்திரம் மட்டும் சொல்லுங்க. உடுக்கை வேணாம், மைக் வேணாம், புகை வேணாம். பிள்ளை கையை விட்டுருங்க. அப்படியும் கண்டக்டர் வந்தா, நானே மொட்டை போட்டு ஒங்க கால்ல விழுறேன்."

கூட்டத்துக்கு உற்சாகம் பொறுக்கவில்லை. பேயைவிடப் பந்தயம் பெரிசு. "காட்டுங்க சாமி! அந்தம்மாவுக்குக் காட்டுங்க!" முன்வரிசையில், காதில் பெரிய கம்மலோடு உட்கார்ந்திருந்த மலையம்மாள் எழுந்தே விட்டாள். "ஏப்பா சின்னச்சாமி, அந்தப் பொட்டிய அமத்துப்பா!"

அமத்தினார்கள். சித்தர் மந்திரம் சொன்னார். ஓம் ஹ்ரீம். பேய் வரவில்லை. க்ரீம், ஸ்ரீம். வரவில்லை. ஐஸ்கிரீம் ஒன்றுதான் பாக்கி. ஸ்ரீலட்சுமி கையால் காதைப் பொத்திக்கொண்டு, அம்மாவைக் கண்டுபிடித்து, அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். கொட்டகையில் முதன்முதலாக அமைதி. மெல்லக் காதிலிருந்து கை இறங்கியது. முன்னும் பின்னும் ஆட ஆரம்பித்தாள்.

"கிறிஸ்டீன் பொம்பள நிக்கிற எடத்துல பேய் வரக் கூச்சப்படுது" என்றார் சித்தர். தலைப்பாகைக்கு அடியில் வேர்த்துக் கொட்டியது.

அப்போதுதான் ஸ்ரீலட்சுமி வாயைத் திறந்தாள். யாரும் அவளைக் கேட்கவில்லை, யாரும் தூண்டவில்லை. சற்றுமுன் காதில் விழுந்தது வெளியே வந்தது, விழுந்த குரலிலேயே. கரகரவென்று அச்சு அசல் சித்தர்.

"பஞ்சு வையிடா சின்னச்சாமி. நல்லா அமுக்கி வையி. போன வாரம் அடிச்ச அடியில எனக்குக் காது ரெண்டும் அடைச்சுப் போச்சு. முன்வரிசைக் கம்மல்காரிய வுட்டுறாத. அவ இன்னைக்குக் கழட்டிருவா. கிறுக்குப்பய கூட்டம்டா."

மலையம்மாளின் கை தன்னால் காதுக்குப் போனது. அடுத்து அவள் போனது மேடைக்கு. சித்தர் "அபச்சாரம்" என்று சொல்லி முடிப்பதற்குள் தலைப்பாகை அவள் கையில் இருந்தது. இரண்டு காதிலும் பஞ்சு, கட்டை விரல் தண்டிக்கு.

பேய் நடுங்கும் சத்தத்தை அவராலேயே தாங்க முடியவில்லை. மைக்செட்காரர் அல்லவா, விவரம் தெரிந்தவர். தன் காதுக்குப் பஞ்சு, பிள்ளையின் கைக்குப் பூட்டு.

மலையம்மாள் பஞ்சைப் பிடுங்கி அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "ஏன் சாமி, எந்தக் குரலு வருதோ அந்தக் குரலுக்காரன் செத்தவன்னு நீங்கதான சொன்னீக? இப்ப ஒங்க குரலு வருதே. நீங்க எப்பச் செத்தீக?"

கேள்வி சாஸ்திரப்படி சரியானது. சித்தர் ரோட்டைப் பார்த்து ஓடினார். மேலூர் பஸ் ஒன்று வந்தது. கையைக் காட்டினார். அது பாயிண்ட் டு பாயிண்ட். ஒத்தக்கடையில் நிற்காது. கண்டக்டர், உயிரோடு இருக்கிற கண்டக்டர், படியில் நின்றபடி எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். கூட்டம் சித்தரைப் பிடித்துக்கொண்டது.

கிரிதரன் அந்த இரும்புக் கம்பத்தருகே போய், சங்கிலியைக் கையில் எடுத்துப் பார்த்தார். எவ்வளவு கனம் என்று அப்போதுதான் தெரிந்தது. திரும்பி வந்து மகளைத் தொடப்போனவரை ஆன்மேரி தடுத்தார். "கேட்டுட்டுத் தொடுங்கண்ணே."

"லட்சுமி, வீட்டுக்குப் போலாமா?" என்று கேட்டார், அவர்கள் பாஷையில். அவள் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அவர் பின்னால் போனார்.

இதோடு எல்லாம் சுபம் என்று எழுதினால் அது இன்னொரு மோசடி. காவித் துணியைப் பார்த்தால் அவள் இன்றைக்கும் கட்டிலுக்கு அடியில் போகிறாள். ஆன்மேரி வாராவாரம் வந்து தரையில் உட்காருகிறார். அவள் ஆடுவதை யாரும் நிறுத்துவதில்லை. குக்கர் வைக்குமுன் ஹம்சவேணி சொல்லிவிட்டு வைக்கிறாள். கிரிதரனோடு மாட்டுத்தாவணிக்குப் போக அவள் இன்னும் சம்மதிக்கவில்லை. அவர் ஞாயிறுதோறும் கேட்கிறார், அவள் தலையை ஆட்டி மறுக்கிறாள், சரி என்று உட்காருகிறார். நம்பிக்கையை உடைத்தவர்தான் காத்திருக்க வேண்டும்.

ஜனங்கள் திருந்தினார்களா என்றுதானே கேட்கிறீர்கள்? அடுத்த வெள்ளிக்கிழமை முனிச்சாலை வீட்டு வாசலில் ஒரே கூட்டம். கையில் எலுமிச்சம்பழம், மல்லிகைச் சரம், மேளம். முன்னால் நின்றது யார்? அதே மலையம்மாள்தான்.

"தாயி, கதவைத் தெறங்க! ஒங்க மக மேல இருக்கது பேய் இல்ல, ஆத்தா! கள்ளச்சாமிய கண்டுபிடிச்ச ஆத்தா! எங்களுக்கு ஒரு வாக்குச் சொல்லச் சொல்லுங்க!"

ஹம்சவேணி கதவைத் திறந்தாள். விரலை உதட்டில் வைத்து மேளக்காரனை முதலில் நிறுத்தினாள்.

"அவ மேல பேயும் இல்ல, ஆத்தாளும் இல்ல. அவ ஸ்ரீலட்சுமி. இப்பத்தான் தூங்குறா. சத்தம் போடாமப் போங்க."

கதவு மூடிக்கொண்டது. எலுமிச்சம்பழத்தை என்ன செய்வதென்று தெரியாமல் கூட்டம் விழித்தது. நான் சொல்கிறேன், கேளுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோய் உப்புப் போட்டுப் பிழிந்து குடியுங்கள். குடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்து யோசியுங்கள். உடுக்கை இல்லாமல்.