மூன்றரை இன்ச் ஒப்பந்தம்

மந்தாரக்குப்பம்,
வெள்ளிக்கிழமை.

மதிப்பிற்குரிய சம்பந்தி திரு. சிங்காரவேல் அவர்களுக்கு, பன்னீர்செல்வம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. என் முழங்கால் ஒன்றைத் தவிர இங்கே அனைவரும் சௌக்கியம். நெல்லிக்குப்பத்தில் தாங்களும் சம்பந்தி அம்மாவும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று யோசிப்பீர்கள். எங்கள் வீட்டில் போனில் பேசுவதும் மைக்கில் பேசுவதும் ஒன்றுதான். இது என் மனைவி கஸ்தூரியின் காதில் விழக்கூடாத விஷயம்.

என் மகள் மணிமொழி ஒன்பது நாளாக இங்கேதான் இருக்கிறாள். உடம்பு சரியில்லாத அம்மாவைப் பார்க்க வந்திருக்கிறாள் என்று உங்களிடம் சொன்னது பொய், மன்னிக்கவும். கஸ்தூரி கல்லுக்குண்டு போல் இருக்கிறாள். உண்மைக் காரணம் உங்கள் மகனுடைய மீன் தொட்டி. மாப்பிள்ளை சுதாகர் குவார்ட்டர்ஸ் ஹாலில் கடல் மீன் வளர்ப்பது தங்களுக்குத் தெரியும், உப்புத் தண்ணீர், உயிருள்ள பவளம், மேலே நீல விளக்கு எல்லாம் உண்டு. பழைய தொட்டி ஒழுகியதால் புதிதாகப் பெரிய தொட்டி வாங்கினார்கள், வாங்கிய அன்றே அடியில் எத்தனை இன்ச் மணல் போடுவது என்று தகராறு. மணிமொழி ஆசைப்பட்டு வாங்கிய பச்சை நிற மீன் ஒன்று, விளக்கை அணைத்ததும் மணலுக்குள் புதைந்து தூங்குமாம். "ஆறு இன்ச்சாவது வேணுங்க, ஒரு இன்ச்சுல அது எங்க போயி படுக்கும்? கண்ணாடியில முட்டிக்கினு கெடக்கும்" என்று இவள். "ஒரு இன்ச்சு போதும். ஆறு போட்டா அடியில அழுக்கு தங்கி அழுகின முட்டை வாசம் வரும். கழுவறது நானா, நீயா?" என்று அவர். பிறகு மணலை விட்டுவிட்டு, கல்யாணத்தில் நம் இரண்டு வீட்டாரில் யார் யாரை மதிக்கவில்லை என்பதற்குப் போய்விட்டார்கள். இவள் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். மறுநாளே மாப்பிள்ளை வீம்புக்கு ஒரு இன்ச் மணலைப் போட்டு, மீனையும் பவளத்தையும் அதில் இறக்கிவிட்டார்.

சம்பந்தி, நான் சுரங்கத்தில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவன், அதில் பதினாறு வருஷம் யூனியனுக்காகப் பேச்சுவார்த்தையில் உட்கார்ந்தவன். நிர்வாகம் ஒன்று என்னும், நாங்கள் ஆறு என்போம், மேஜை மேல் வைத்த பிஸ்கட் தீர்வதற்குள் மூன்றரையில் முடித்துக் கையெழுத்து வாங்கிவிடுவேன். அந்தப் பழக்கத்தில் மணிமொழியிடம் மெதுவாகப் பேச்சை எடுத்தேன். "இது போனஸ் இல்லப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். மாப்பிள்ளைக்குப் போன் போட்டால், "ஷிஃப்ட்ல இருக்கேன் மாமா" என்று வைத்துவிட்டார். இரண்டு பேரும் மறுப்புத் தெரிவிக்கவில்லை என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

செவ்வாய்க்கிழமை மாப்பிள்ளை காலை ஷிஃப்டுக்குப் போன பிறகு, மணிமொழியின் பையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு குவார்ட்டர்ஸுக்குப் போனேன். அவள் வாங்கி வைத்திருந்த மணல் மூட்டைகள் அங்கேயே கிடந்தன. ஸ்கேல் வைத்து, மட்டம் பார்த்து, சரியாக மூன்றரை இன்ச் வரும்வரை கொட்டினேன். மணலைக் கழுவிவிட்டுத்தான் போட வேண்டும் என்பது யாருக்குத் தெரியும்? தண்ணீர் பால் போல் ஆகிவிட்டது. பவளமெல்லாம் சுருங்கிக்கொண்டது, அந்தப் பச்சை மீனை எங்கே தேடியும் காணவில்லை. கதவைப் பூட்டிக்கொண்டு, இங்கே கடைத்தெருவில் மீன் தொட்டி சாமான் விற்கும் பரீத்திடம் ஓடினேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஒரு இன்ச்சுன்னா கிளறிக் கழுவிக்கலாங்க. ஆறுன்னா அடியில காத்து போகாது, அங்க இருக்கிற கிருமி கழிவைத் தின்னுடும். மூணரைல ரெண்டுமே சரியா நடக்காதுங்க, அழுக்குதான் தங்கும். நானும் இத்தினி வருஷமா கடை வெச்சிருக்கேன், மூணரைன்னு யாரும் வந்து கேட்டதில்லைங்க" என்றார். அன்றிலிருந்து நான் முடித்து வைத்த பழைய ஒப்பந்தங்கள் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

மூன்று நாளாக மாப்பிள்ளை என் போனை எடுப்பதில்லை. வீட்டில் நான் இதை யாரிடமும் சொல்லவில்லை. மணிமொழி சரியாகச் சாப்பிடுவதில்லை, போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். மகள் வந்தால் சந்தோஷப்படுகிறவன்தான் நான். ஆனால் இப்படி வந்து உட்கார்ந்திருப்பவளைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை சம்பந்தி. அந்த மீனும் செத்திருந்தால் அவள் திரும்பிப் போகவே மாட்டாளோ என்று பயமாக இருக்கிறது. தாங்கள் ஞாயிற்றுக்கிழமை வந்து, மாப்பிள்ளையிடம் இரண்டு வார்த்தை பேசி, அவளை அழைத்துப்போகச் சொல்ல வேண்டும். என் பேர் அடிபடாமல் பார்த்துக்கொள்ளவும். இனி என் ஆயுசுக்கும் நான் யாருக்கும் நடுவில் போய் உட்கார மாட்டேன்.

சம்பந்தி அம்மாவுக்கு எங்கள் வணக்கம். இரண்டு வீட்டையும் கடவுள் கலங்காமல் வைக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
பன்னீர்செல்வம்

பி.கு.: உறையில் பசை தடவிக்கொண்டிருக்கும்போதே வாசலில் மாப்பிள்ளையின் வண்டி வந்து நின்றது. "மணி, உங்கப்பா பண்ணி வெச்சிருக்கிற வேலைய வந்து பாரு!" என்று சத்தம் போட்டார். சாவி வேறு யாரிடம் இருக்கிறது? மணிமொழி என்னை ஒரு பார்வை பார்த்தாள், செருப்புக்கூடப் போடாமல் வண்டியில் ஏறிப் போய்விட்டாள். மூன்று நாளாகத் தனியாகத் தண்ணீரைத் தெளியவைக்கப் பார்த்து முடியாமல்தான் மாப்பிள்ளை வந்தாராம். இரண்டு பேரும் நாலு மணி நேரம் உட்கார்ந்து கரண்டியால் மணலை அள்ளினார்களாம். மீன் உயிரோடு அடியில் தூங்கிக்கொண்டிருந்ததாம். இப்போது தொட்டி முழுக்க ஒரு இன்ச், ஒரு மூலையில் மட்டும் உயரமான கண்ணாடிக் கிண்ணம் வைத்து அதில் ஆறு இன்ச். இது எனக்கு ஏன் தோன்றவில்லை என்று தெரியவில்லை. "நாங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிட்டோம் மாமா, நீங்க வூட்டுக்கு எப்ப வேணா வாங்க, தொட்டிகிட்ட மட்டும் வராதீங்க" என்று மாப்பிள்ளை போனில் சொல்ல, பக்கத்தில் மணிமொழி சிரிப்பது கேட்டது. வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது சம்பந்தி.

ஆகவே தாங்கள் பஞ்சாயத்துக்கு வர வேண்டாம், சாப்பிட வரவும். இவர்களைச் சேர்த்து வைக்கத்தான் திட்டம் போட்டு அப்படிச் செய்தேன் என்று கஸ்தூரியிடம் சொல்லியிருக்கிறேன். முப்பத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக அவள் என்னை மரியாதையோடு பார்க்கிறாள். மேலே உள்ளதையெல்லாம் நானே கிழித்திருப்பேன், கஷ்டப்பட்டு எழுதியதைக் கிழிக்க மனசு வரவில்லை. தாங்கள் படித்ததும் கிழித்துவிடவும்.