ஒன்பதாம் பக்கத்து ஆழம்

உலகத்தில் புத்தகம் வாசிக்கிறவர்கள் உண்டு, வாசிக்காதவர்கள் உண்டு. இந்த இரண்டு கூட்டத்தாராலும் யாருக்கும் ஒரு தொந்தரவும் கிடையாது. மூன்றாவதாக ஓர் இனம் இருக்கிறது. ஆழ்ந்து வாசிக்கப் போகிறவர் என்று அதற்குப் பெயர். கவனியுங்கள், வாசிக்கிறவர் அல்ல, வாசிக்கப் போகிறவர். எந்த ஊரிலும் விளையக்கூடிய இனம்தான் என்றாலும், எழுபத்தொன்பதாம் வருஷ வாக்கில் அதன் முதல்தர மாதிரி ஒன்று சங்கரன்கோவிலில் வேட்டி சட்டையோடு நடமாடிக்கொண்டிருந்தது. பெயர் சங்கரசுப்பு. மேலநீலிதநல்லூர் ஒன்றிய அலுவலகத்தில் குமாஸ்தா. அவர் மனசுக்குள் ஓடியதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள்.

நூலகத்திலிருந்து புத்தகம் வந்ததும் அவர் வாசிக்க ஆரம்பித்துவிடுவார் என்று நினைக்கிறீர்களா? அது உங்களைப் போன்ற அவசரக்காரர்கள் செய்வது. முதலில் பழுப்புத் தாளில் அட்டை போட வேண்டும்; பிறகு ஒரு முனை சிவப்பும் மறுமுனை நீலமுமான பென்சிலை இரண்டு பக்கமும் சீவ வேண்டும், சிவப்பு கருத்துக்கு, நீலம் நடைக்கு; பிறகு குறிப்பெழுத ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, பிள்ளையார் சுழி போட்டு, 'தினசரி வாசிப்பு: மாலை ஏழு முதல் எட்டரை வரை' என்று எழுதிக் கோடிழுத்து, அந்தக் கோடு கோணலாகிவிட்டால் தாளைக் கிழித்து மறுபடி எழுத வேண்டும்; நாற்காலியில் வெளிச்சம் இடது தோள்வழியாக விழ வேண்டும்; பக்கத்து வீட்டு ரேடியோ அடங்க வேண்டும்; காப்பி வர வேண்டும், வந்தது ஆறிவிடக் கூடாது. எல்லாம் கூடிவந்து அவர் புத்தகத்தைப் பிரிக்கும்போது மணி எட்டு இருபத்தைந்து. திட்டப்படி இன்னும் ஐந்து நிமிஷம் இருக்கிறது.

ஆனாலும் பொய் சொல்லக் கூடாது, முதல் ஒன்பது பக்கம் அவர் வாசிப்பார். வரிவரியாக, எழுத்தெழுத்தாக, உதடு அசைய வாசிப்பார். சிவப்பும் நீலமுமாகக் கோடு போடுவார். பொதுச் சொத்து என்பதால் லேசாகத்தான் போடுவார். ஒன்பதாம் பக்கத்தில் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு, "இது ஊறணும்" என்பார். ஊறும். நூலகத்தில் திருப்பிக் கொடுக்க வேண்டிய தேதி வரைக்கும் ஊறும்.

ஆபீஸ் போகவர தினம் ஒரு மணி நேரம் பஸ்ஸில் சும்மாதான் உட்கார்ந்திருந்தார். அப்போது வாசித்தால் என்ன? சேச்சே, அது மேம்போக்கு. பஸ்ஸில் வாரப் பத்திரிகையும் கையுமாக இருக்கிறவர்களைப் பார்த்தால் அவருக்குப் பாவமாக இருக்கும். அதைவிடப் பாவம் அவர் மனைவி இசக்கித்தாய். பலசரக்குக் கடையிலிருந்து பொட்டலம் கட்டி வந்த தாளைக்கூட நீவிவிட்டு வாசிக்கிற பழக்கம் அவளுக்கு.

"ஏட்டி, முன்னும் இல்லாம பின்னும் இல்லாம அதுல என்னத்த வாசிக்க?"

"நடுவுல இருக்கத வாசிக்கேன்" என்பாள் இசக்கித்தாய்.

வீட்டில் கிடைக்காத மரியாதை வெளியில் கிடைத்தது. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருந்த முகம்மது மைதீன் அவரைவிட ஏழெட்டு வயசு இளையவன். கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு, அவர் பேசுவதைக் கேட்டபடியே வேலை செய்வான். "நேத்து ஒரு வரியில நின்னுட்டேன்வே, தாண்ட முடியல" என்பார் இவர். அதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. மைதீனோ, ஒரே வரியில் ஒரு மனுஷன் இத்தனை நாள் நிற்கிறாரே என்று மலைத்துப் போவான்.

அந்த மலைப்பில்தான் ஒருநாள் மேசை டிராயரைத் திறந்து மூன்று நோட்டுகளை எடுத்து அவர் கையில் வைத்தான்.

"கதை மாதிரி ஒண்ணு எழுதிருக்கேன் அண்ணாச்சி. நாலு வருஷமா எழுதுதேன். இப்ப சவூதிக்கு விசா வந்துட்டு, அடுத்த மாசம் போறேன். அதுக்குள்ள வாசிச்சுச் சொல்லணும். தேறும்னா கையோட கொண்டுபோவேன். தேறாதுன்னா இத்தோட விட்டுருதேன். வேற யார்ட்டயும் கேக்க மாட்டேன்."

சங்கரசுப்பு நோட்டுகளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். தன்னை நம்பி ஒருத்தன் நாலு வருஷத்தை எடுத்துக் கையில் கொடுக்கிறான். இதை மற்றப் புத்தகங்களைப் போல வாசிக்கக் கூடாது என்று அப்போதே முடிவு செய்தார்.

அப்படியே செய்தார். மூன்று நோட்டுக்கும் அட்டை போடவே ஒரு வாரம் ஆயிற்று. அடுத்த வாரம் ஒன்பது பக்கம் வாசித்தார்; ராயகிரிப் பக்கத்துத் தையல்காரி பூமாரி என்பவளின் கதை; நன்றாக இருந்தது, இரண்டு இடத்தில் இரட்டைக் கோடே போட்டார். பிறகு ஊறப் போட்டார். ஊறிக்கொண்டிருக்கும்போது கோயிலில் ஆடித்தபசுத் திருவிழா வந்தது, தபசுக்கு வாசுதேவநல்லூரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தார்கள், அவர்கள் போனதும் ஆபீஸுக்குக் கலெக்டர் வரப் போகிறார் என்றார்கள், வரவில்லை, ஆனாலும் எதிர்பார்க்க வேண்டியிருந்தது. மைதீன் நச்சரிக்கிறவன் இல்லை. சாயங்காலம் முகத்தை மட்டும் பார்ப்பான். "ஆழமாப் போய்க்கிட்டிருக்குவே" என்று இவர் சொல்வார்.

மைதீன் சவூதிக்குப் போகிற நாளும் வந்துவிட்டது. ரயில்வே ஸ்டேஷனில் பெட்டியும் படுக்கையுமாக மைதீன் நின்றான். சங்கரசுப்பு மூன்று நோட்டுகளையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனார். வாசிக்கவில்லை என்று சொல்லிவிடலாமென்றுதான் வழிநெடுக நினைத்துக்கொண்டு போனார். அவன் முகத்தைப் பார்த்ததும் நாக்கு வேறு பக்கம் திரும்பிவிட்டது.

"முடிவு இருக்கே, முடிவு, நெஞ்சைப் பிடிச்சு உலுக்கிட்டுவே" என்றார்.

மைதீன் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தான். "முடிவா? முடிவு இன்னும் எழுதலையே அண்ணாச்சி. தேறும்னா எப்படி முடிக்கன்னும் கேக்கத்தான் உங்ககிட்ட தந்தேன்."

சாதாரணப் பொய்யன் என்றால் இந்த இடத்தில் மாட்டிக்கொண்டு முழித்திருப்பான். நம் இனம் அப்படியில்லை. மாட்டிக்கொண்டால் இன்னும் ஆழமாகப் போகும்.

"எழுதாததைத்தாம்வே சொல்லுதேன். எழுதாம விட்டிருக்கீரு பாரும், அதுதான் முடிவு. இனி ஒரு வரி எழுதினாலும் கெட்டுப்போகும்."

மைதீனின் கண் கலங்கிவிட்டது. "அப்ப முடிஞ்சுட்டுங்கீங்களா? நாலு வருஷமா தவிச்சுக்கிட்டுக் கெடந்தேன் அண்ணாச்சி. நோட்டு உங்ககிட்டயே இருக்கட்டும். இனி எழுதல."

ரயில் போய்விட்டது. வீட்டுக்கு வரும் வழியில் சங்கரசுப்புவுக்கு ஒரு சின்னப் பெருமைகூட இருந்தது. எழுதாத முடிவு. இதைக் குறிப்பு நோட்டில் எழுதி வைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். பூண்டு உரித்துக்கொண்டிருந்த இசக்கித்தாயிடம் சொன்னார்.

அவள் கை நின்றது. "முடிஞ்சுட்டுன்னா சொன்னீக? தையல் மிஷினோட ராயகிரி விலக்குல, ரோடு பிரியுத எடத்துல, நிக்கா அந்தப் பூமாரி. கண்டக்டர் மிஷின ஏத்த மாட்டேங்கான். ரெண்டு பஸ் போயிட்டு. பொழுது சாயுது. புருஷன் வீட்டுலருந்து எப்பம் ஆள் வருமோன்னு திரும்பித் திரும்பிப் பாக்கா. அவள அங்கனயே நிக்க வச்சிட்டு முடிஞ்சுட்டுன்னு சொல்லிட்டு வந்திருக்கீக."

"நீ எப்பட்டி வாசிச்ச?"

"நீங்க ஊறப் போட்டிருந்தப்ப. ஒம்பதாம் பக்கத்தோட கோடு நின்னுட்டு. உங்களுக்குத் தெரியாதது இதுல எனக்கு நெறையத் தெரியும்."

சங்கரசுப்பு மூன்று நோட்டையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனார். வெளிச்சம் எந்தத் தோள்வழியாக வந்ததோ, காப்பி என்ன ஆயிற்றோ, பென்சில் எங்கே கிடந்ததோ, ஒன்றும் தெரியவில்லை. சாப்பிடக் கூப்பிட்டபோது காது கேட்கவில்லை. கடைசிப் பக்கத்தைத் தாண்டியும் வெற்றுத் தாள்களைப் புரட்டிப் பார்த்தார். அவள் பஸ் ஏறினாளா இல்லையா? ஒரு கதை நடுவில் நிற்கிறதே என்று வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்கு ஆத்திரம் வந்தது. நிறுத்தச் சொன்னது யார் என்று நினைவு வந்ததும் வெட்கமாகவும் இருந்தது.

இருபது நாளில் சவூதியிலிருந்து கடிதம் வந்தது. 'வேலை பழகிவிட்டது. எழுதுவதை நிறுத்தியபின் நல்ல தூக்கம் வருகிறது, உங்களுக்குத்தான் நன்றி' என்று மைதீன் எழுதியிருந்தான். அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தார். 'அன்புள்ள மைதீனுக்கு, வாசிப்பு என்பது ஒரு தவம்' என்று ஆரம்பித்தார். சரியில்லை என்று கிழித்தார். 'நாணயம் என்பது' என்று ஆரம்பித்தார். அதையும் கிழித்தார். பத்து நாள் போயிற்று. விஷயம் ஆழமாக வரவில்லையாம்.

ஏழாவது தாளை இசக்கித்தாய் பிடுங்கினாள். 'தம்பி, அவுக ஒன்பது பக்கம்தான் வாசித்தார்கள். நான் முழுக்க வாசித்தேன். பூமாரி விலக்கில் நிற்கிறாள். அவளை மிஷினோடு பஸ்ஸில் ஏற்றிவிடவும்' என்று எழுதி, ஒட்டி, அவர் கையிலேயே கொடுத்தாள்.

தபால்பெட்டி முன்னால் சங்கரசுப்பு நின்றார். உள்ளே போட்டால் சங்கரன்கோவிலின் ஒரே ஆழ்ந்த வாசகர் அதோடு சரி. போடாவிட்டால் பூமாரி காலத்துக்கும் அங்கேதான். கால்மணி நேரம் நின்றார். போட்டார்.

சிரிக்கிறீர்கள். சிரிக்க வேண்டியதுதான். போன வருஷம் உங்கள் சிநேகிதர் ஒருவர் தான் எழுதியதை உங்கள் கையில் கொடுத்து, "சும்மா பார்த்துச் சொல்லுங்க" என்றாரே, நீங்களும் நாலைந்து பக்கம் புரட்டிவிட்டு "அருமை" என்றீர்களே, ஞாபகம் இருக்கிறதா? அவர் அதற்குப் பிறகு ஒரு வரிகூட எழுதவில்லை. நீங்கள் முழுக்க வாசித்துவிட்டதாக இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார்.